அத்துமீறல்: ஓர் ஆங்கில வினையும் சப்ரகமுவத் தோட்டங்களும்

பிறருக்குரிய நிலத்தில் அவருடைய இசைவு இல்லாமல் கால்வைப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் வினை 'டிரெஸ்பாஸ்'. நிலத்தோடு ஒட்டிய இந்தப் பொருள் அதற்குப் பிற்காலத்தில்தான் வாய்த்தது. 'அப்பால்' என்னும் பொருள்தரும் 'ட்ரான்ஸ்', 'அடி' என்னும் பொருள்தரும் 'பாஸுஸ்' ஆகிய இலத்தீன் வேர்கள் பழைய பிரெஞ்சில் ஒன்றாகி, 'கடந்து போதல்' என்ற வினையாயின. பிரெஞ்சு மொழி அந்தச் சொல்லை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. இன்று அங்கே 'ட்ரெபாஸே' என்றால் உயிர் நீத்தல். ஆங்கிலமோ கடந்து போகப்பட்டது எது என்பதைப் பிடித்துக்கொண்டது. 1300ஆம் ஆண்டையொட்டி அம்மொழியில் நுழைந்தபோது, இறைவனின் கட்டளையையோ மன்னனின் ஆணையையோ மீறுவதே அதன் பொருளாக இருந்தது. நிலத்துக்குள் புகும் பொருள் 15ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்துக் காட்டுச் சட்டங்களில் தெளிவாகத் தலைகாட்டுகிறது. அரசனின் மான் திரியும் காட்டுக்குள் குடியானவன் போவதைத் தடுக்கவந்த சட்டங்கள் அவை.

சமயப் பொருள் இன்னும் முற்றாக மறையவில்லை. வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது, கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இந்தச் சொல்லைப் பெயராக வைத்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுச் செபநூல் அதை நிலைநிறுத்தியது. 1611ஆம் ஆண்டின் மன்னர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு அதே செபத்தில் 'கடன்' என்று போட்ட பிறகும் மக்கள் நாவில் பழைய சொல்லே தங்கிவிட்டது. தமிழிலும் இவ்விரண்டும் பிரிந்தே நிற்கின்றன. புரட்டஸ்தாந்தரின் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் கடன் என்கிறது, கத்தோலிக்கர் குற்றம் என்கிறார்கள். இலங்கைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலக் கோயிலில் மன்னிக்கும்படி வேண்டிய சொல்லும், திங்கட்கிழமை நீதவான் முன் தொழிலாளி மீது சுமத்திய சொல்லும் ஒன்றுதான் என்பது தற்செயல் என்றாலும் கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் இந்தச் சொல்லின் வரலாறு தனி. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உடலுக்கும் பொருளுக்கும் நிலத்துக்கும் வன்மையால் நேர்ந்த எந்தத் தீங்குக்கும் இந்தப் பெயரில் வழக்கிடலாம். அடித்தவனும் மாட்டை ஓட்டிப்போனவனும் வயலை மிதித்தவனும் ஒரே தலைப்பின் கீழ் வந்தார்கள். காலப்போக்கில் நிலம் மட்டுமே பொதுமக்கள் மனதில் நின்றது. ஆனால் இங்கிலாந்தில் அது பெரும்பாலும் குடியியல் வழக்காகவே இருந்துவந்தது. வேலியில் தொங்கும் 'அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்' என்ற அறிவிப்புப் பலகையை அந்நாட்டு வழக்கறிஞர்கள் மரத்தில் செய்த பொய் என்று கேலி செய்வதுண்டு. வெறுமனே உள்ளே போனவன்மேல் நட்டஈடு கேட்டு வழக்காடலாமே தவிர, அவனைச் சிறைக்கு அனுப்ப வழியில்லை.

அந்தப் பலகை கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. இங்கே சட்டம் வேறாக இருந்தது. கரையோரத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டமே காலப்போக்கில் தீவின் பொதுச் சட்டமாகி, குடியியல் வழக்குகளை ஆண்டது. அதில் ஆங்கில 'டிரெஸ்பாஸ்' வழக்குக்கு இடமில்லை. ஆகவே இந்த வினை இலங்கைக்குள் குற்றவியல் வழியாகவே புகுந்தது. மெக்காலேயின் 1837ஆம் ஆண்டு வரைவிலிருந்து உருவான 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை வந்தது. அதன் 427ஆம் பிரிவுதான் அத்துமீறலுக்கு வரைவிலக்கணம் தருகிறது.

அந்தப் பிரிவை நிதானமாகப் படிக்கவேண்டும். இன்னொருவரின் இருப்பாட்சியில் உள்ள ஆதனத்துக்குள் நுழைவது மட்டும் அதன்படி குற்றமாகாது. நுழைபவர் ஒரு குற்றம் புரியும் நோக்கத்தோடு, அல்லது அங்கிருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், எரிச்சலூட்டும் நோக்கத்தோடு நுழைந்திருக்கவேண்டும். இது முதற்பாதி. சட்டப்படி உள்ளே வந்தவர் பிறகு சட்டத்துக்கு மாறாக அங்கேயே தங்கியிருந்து, அதே நோக்கங்களில் ஒன்றைக் கொண்டிருந்தாலும் குற்றமே என்கிறது இரண்டாம் பாதி. தண்டனையை 433ஆம் பிரிவு சொல்கிறது: மூன்று மாதம் வரை மறியல், அல்லது 100 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். வீடு புகுதலுக்கும் இரவில் பதுங்கிப் புகுதலுக்கும் வேறு பிரிவுகளில் கூடிய தண்டனை உண்டு.

இதன்படி பார்த்தால், எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒருவர் சந்தைக்குப் போகும் அவசரத்தில் ரப்பர் மலைக்குள்ளால் குறுக்கு வழி பிடித்துப் போனால் குற்றவாளி அல்லர். ஒட்டுப்பாலைத் திருடிக்கொண்டு போக வந்தவர் குற்றவாளி. இந்த இரண்டும் தெளிவு. சிக்கல் முழுவதும் 'எரிச்சலூட்டும் நோக்கம்' என்ற ஒரு சொற்றொடரில் கிடந்தது. தோட்டத்தில் எரிச்சல் யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. துரைக்குப் பிடிக்காத எதுவும் அவருக்கு எரிச்சலூட்டக்கூடியதுதான்.

தோட்டம் என்ற நிலப்பரப்பே எப்படி உண்டாயிற்று என்பதை இங்கே தொட்டுச்செல்லவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த காணிகள் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. பழைய கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த பகுதிகளில், காடு வெட்டி இடம் மாற்றிப் பயிரிடும் சேனைக் காணிக்கும் இந்த ஊகம் பொருந்தியது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவவும் அந்த இராச்சியத்தில் அடங்கியிருந்தது. தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தவர் எழுத்தில் உறுதி காட்ட இயலாமல் தம் மேட்டு நிலத்திலேயே ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். விற்கப்பட்ட காணிகளில் கோப்பியும், அது நோயில் அழிந்த பின் தேயிலையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தாழ்ந்த மலைகளில் ரப்பரும் எழுந்தன. நுவரெலியாவைப் போலத் தோட்டத்தோடு தோட்டம் ஒட்டிக் கிடக்கும் நில அமைப்பு கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இல்லை. இங்கே ஒரு தோட்டத்தின் நான்கு பக்கமும் சிங்களக் கிராமங்கள் இருக்கும். தோட்டத்தார் கிராமத்தை 'நாடு' என்பார்கள். நாட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான வரம்பு வெறும் கல்லும் கானும்தான், ஆனாலும் இரு புறத்தாருக்கும் அது நன்றாகத் தெரியும்.

தமிழில் இந்த வினைக்கு நிலைத்துவிட்ட பெயர்ப்பு 'அத்துமீறல்'. அத்து என்பது எல்லை. எல்லை என்றே பொருள்படும் 'ஹத்' என்னும் அரபுச் சொல்லோடு, உருது வழியாக, இதைத் தொடர்புபடுத்துவார்கள். இன்று இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர் இந்தச் சொல்லை அதிகம் காண்பது கடற்செய்தியில்: தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அத்துமீறி மீன்பிடிப்பதாக. அதற்கு அடுத்தபடி 'அத்துமீறிய குடியேற்றம்'. மரியாதைக் குறைவான நடத்தையையும் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதையும் இதே சொல்லால் குறிப்பது பேச்சு வழக்கு. ஆக்கிரமிப்பு என்பது நிலத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது, மீறல் என்பது விதியையும் உரிமையையும் கடப்பது, அத்துமீறல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிங்களத்தில் இதற்கு 'அனவசர' என்ற சொல் வழங்கும். அங்கே 'அவசர' என்றால் அனுமதி. அதே வடசொல் தமிழில் விரைவைக் குறிக்கிறது. இரண்டு மொழியும் பேசும் சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகளுக்கு இது ஒரு பழைய வேடிக்கை.

ஆங்கிலத்தில் இந்த வினை முன்னிடைச்சொல் ஒன்றைக் கேட்கும். நிலத்தின் 'மேல்' அத்துமீறுவார்கள், ஆளுக்கு 'எதிராக' அத்துமீறுவார்கள். பிறருடைய நேரத்தின் மேலும் விருந்தோம்பலின் மேலும் அத்துமீறுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது பழைய கடிதங்களின் உபசார நடை. அண்மைக் காலத்தில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் காவல்துறையினர் வாயில் இதற்குப் புதிய இலக்கணம் பிறந்திருக்கிறது. கடைக்கு இனி வராதே என்று அறிவித்தல் கொடுக்கப்பட்டவரை, அவர் 'அத்துமீறப்பட்டார்' என்பதுபோலச் செயப்பாட்டு வினையில் சொல்கிறார்கள். இலக்கணக்காரர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இந்தத் திரிந்த வழக்கில் ஓர் உண்மை இருக்கிறது. அத்துமீறியவர் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை, உரிமையாளர் நீட்டிய தாள்தான் அவரை அத்துமீறியவர் ஆக்குகிறது. சப்ரகமுவத் தோட்டங்களில் 427ஆம் பிரிவின் இரண்டாம் பாதி வேலைசெய்ததும் இப்படித்தான்.

அந்தத் தாளுக்குத் தோட்டத்தில் பத்துச்சீட்டு என்று பெயர். பற்றுச்சீட்டு என்பதன் மரூஉ அது. கணக்கு முடிந்தது, இனி இவர் இந்தத் தோட்டத்து ஆள் இல்லை என்று சொல்லும் தாள். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பேர் வெட்டப்படுவதோடு முடிகிற காரியம் அல்ல அது. லயம் எனப்படும் தொடர் குடியிருப்பு வரிசையில் உள்ள காம்பரா வாடகைக்கு எடுத்த வீடன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் முன்னால் ஒரு தாழ்வாரமும் வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. வேலை போனால் கூரையும் போகும். பிறந்ததும் பூப்பெய்தியதும் தாய் தகப்பனைப் புதைத்ததும் அந்தத் தோட்டத்தில்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அந்த அறை துரையின் இருப்பாட்சியில் உள்ள ஆதனம். அறிவித்தலில் குறித்த தேதி கடந்த மறுநாள் காலை, அதே பாயில் கண்விழிக்கும் ஆள் 'சட்டத்துக்கு மாறாகத் தங்கியிருப்பவர்' ஆகிவிடுவார்.

இதில் ஒரு முரண் உண்டு. அதற்கு முந்தைய காலம் முழுவதும் தோட்டத்தை விட்டுப் போவதுதான் குற்றமாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தக்க காரணமோ அனுமதியோ இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியை மூன்று மாதம் வரை மறியலில் வைக்கலாம். அப்படி இரவோடிரவாகப் போனவர்களைத் தோட்டத்துரைமார் 'போல்ட்' ஆனவர்கள் என்பார்கள், கட்டறுத்து ஓடும் குதிரைக்குச் சொல்லும் வினை அது. ஓர் ஆள்கட்டின் கடன் முழுவதையும் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்களை விடச் சம்மதம் என்று கொடுக்கப்பட்ட 'துண்டு' அந்த ஆள்கட்டின் தலைவரான கங்காணியின் கையில் இருக்கும். துண்டும் மறியல் தண்டனையும் 1921இல் ஒழிக்கப்பட்டன. அதுவரை போவது குற்றம். அதன் பின், போகச் சொன்னபோது போகாமல் இருப்பது குற்றம். பழைய சட்டத்தில் ஆளைப் பிடித்துவைக்கத் தேவை இருந்தது, ஆட்கள் தாராளமாகக் கிடைத்த பின் கழித்துவிடத் தேவை வந்தது. அந்த வேலைக்கு 1883ஆம் ஆண்டுக் கோவை கைகொடுத்தது. ரோமன் டச்சுச் சட்டப்படி ஒருவரை வீட்டிலிருந்து எழுப்ப மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடவேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் முறைப்பாடு ஒன்று போதும்.

முதற்பாதியான 'நுழைதல்' வேறொரு கூட்டத்தாரைக் குறிவைத்தது. தோட்டம் தனியார் சொத்து, தோட்டப் பாதையும் தனியார் பாதை. துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் லயத்துக்குப் போக முடியாது. உறவினர் வந்து தங்கினால்கூடக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவேண்டிய காலம் அது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், 1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளரின் நிலையை நேரில் காண விரும்பியபோது துணி வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் போனார். துணி மூட்டைக்குத் திறந்த வாசல் பத்திரிகையாளருக்குத் திறக்காது. அவர் 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த பின்னும் சங்கக்காரர் நுழைவு சண்டைக்குரியதாகவே இருந்தது. தோட்ட எல்லைக்கு வெளியே, பொதுப்பாதை ஓரத்திலும் கடைத்தெருவிலும் கூட்டம் போடும் பழக்கம் இதனால் வந்தது. என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்ல தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன காலத்திலிருந்து கேகாலை ரப்பர்ப் பகுதியில் இடதுசாரிச் சங்கங்களும் இதே வேலியோடு மோதின.

சங்கத்தார் மீதான வழக்குகளில் எழும் கேள்வி எளிமையானது. ஒருவர் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்க்க வருகிறார். துரை எரிச்சல்படுவார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தே வருகிறார். அப்படியானால் எரிச்சலூட்டும் நோக்கத்தோடு வந்தார் என்று கொள்ளலாமா? அறிவும் நோக்கமும் ஒன்றா? இந்தக் கேள்விக்கு இறுதி விடை ஒரு சங்கக்காரர் வழக்கில் வரவில்லை. கேகாலை மாவட்டத்து லயம் ஒன்றிலிருந்து போக மறுத்த தொழிலாளி வழக்கில் வந்தது.

அந்தத் தோட்டம் உந்துகொடைப் பக்கத்து நேவ்ஸ்மியர். தொழிலாளர் வாயில் உருளவள்ளி. அரசாங்கம் காணி சுவீகரிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதை எடுத்து, சுற்றுவட்டத்துக் காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க முடிவு செய்தது. கிராம விரிவாக்கம் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். விவசாய, காணி அமைச்சராக அப்போது இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. கிராமத்தவரின் காணிப் பசி பொய்யன்று. நூறு ஆண்டுக்கு முன் வந்த முடிக்காணிச் சட்டத்தின் விளைவு அது. ஆனால் அந்தக் கடனைத் தீர்க்க எடுத்தது தோட்ட முதலாளிகளின் பரந்த நிலத்தில் ஆளில்லாத பகுதியை அன்று, தமிழ்க் குடும்பங்கள் லயத்தில் குடியிருந்த ஒரு தோட்டத்தை. 1946இல் அவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போகவில்லை. இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கம் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. கேகாலைக்கு வெளியே உள்ள தோட்டங்களிலும் அந்த ஆண்டு யூன் மாதத்தில் வேலை நின்றது. சம்பளத்துக்காக அல்லாமல், இருக்கும் இடத்துக்காக நடந்த முதல் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

வேலைநிறுத்தம் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை. போகாதவர்கள் மீது 427ஆம் பிரிவில் வழக்கு வந்தது. குற்றத்தீர்ப்பை உயர் நீதிமன்றமும் விட்டுவைத்தது. வழக்கு அங்கிருந்து கோமறைக் கழகம் எனப்பட்ட லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்பது வழக்கின் பெயர். அதே காலத்தில் தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகத்தோடு இவரைக் குழப்பிக்கொள்ளவேண்டாம், இவர் தோட்டத் தொழிலாளி.

1950இல் வந்த தீர்ப்பு இரண்டு விடயங்களைப் பிரித்துவைத்தது. ஒருவர் செய்கையால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒன்று. அந்த எரிச்சலை உண்டாக்குவதற்காகவே செய்வது வேறொன்று. 427ஆம் பிரிவு கேட்பது பின்னதை. சட்டத்தில் நிற்காத கோரிக்கையானாலும், உண்மையிலேயே தனக்கு உரிமை உண்டு என்று நம்பி ஒருவர் நிலத்தில் நுழைந்தால், அங்கிருப்பவர் எரிச்சல்படுவார் என்ற காரணத்துக்காக மட்டும் அது குற்றமாகாது. தொழிலாளியின் முதன்மை நோக்கம் தாம் வாழ்ந்துவந்த இடத்தில் தொடர்ந்து இருப்பது. தோட்ட அதிகாரிக்கு அதனால் வந்த எரிச்சல் பக்க விளைவு. குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. லயம் தொழிலாளிக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. அவருக்கு அங்கே இருக்க உரிமை உண்டு என்றும் சொல்லவில்லை. எழுப்பவேண்டுமானால் குடியியல் நீதிமன்றத்துக்குப் போ, பொலிசைக் கூப்பிடாதே என்பதே அதன் சாரம். ஆனால் அதன் தாக்கம் உந்துகொடையில் நிற்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவு ஏறத்தாழ இதே வாசகம் கொண்டிருந்தது. மத்ரி எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் நோக்கத்துக்கும் அறிவுக்கும் உள்ள இதே வேறுபாட்டை ஏற்றது. 1964இல் அது சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. அன்றிலிருந்து இந்தியச் சட்ட மாணவர் அத்துமீறல் பாடத்தில் கேகாலைத் தோட்டம் ஒன்றின் கதையைத் தோட்டத்தின் பெயர் தெரியாமலே படித்துவருகிறார்கள். மலையக வரலாறுகள் நேவ்ஸ்மியரை வேலைநிறுத்தமாகவும் பிரசாவுரிமைப் பறிப்பின் முன்னோட்டமாகவும் பேசுகின்றன, சட்ட நூல்கள் வெறும் நோக்கத்தின் இலக்கணமாகப் பேசுகின்றன. இரண்டும் ஒரே லயத்தில் நடந்தவை என்பதை இணைத்துச் சொல்பவர் குறைவு.

வழக்கு லண்டனில் நடக்கும்போதே நாட்டில் வேறு வேலி எழுந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. தோட்டத்தில் தங்கியிருப்பது அத்துமீறலா என்ற கேள்வி, தீவில் தங்கியிருப்பதே அத்துமீறலா என்ற கேள்வியாக விரிந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் தீர்மானமாயிற்று.

சங்கத்தார் நுழைவுக்கான விடை பாராளுமன்றத்திலிருந்து வந்தது. 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பதற்கென்றே தனியாக இயற்றப்பட்டது. ஒரு நாட்டில் சங்கக்காரர் தம் அங்கத்தவர் வீட்டுக்குப் போகத் தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிடுகிறது. நடேசய்யர் துணி மூட்டையோடு கடந்த வாசலை இந்தச் சட்டத்துக்குப் பின் சங்கக்காரர் சட்டத்தின் துணையோடு கடக்கலாமென்றாயிற்று.

அடுத்து வந்த ஆண்டுகளில் வேலியைத் தாண்டி வந்தவர்கள் வேறு விதமானவர்கள். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, தோட்டங்கள் கிராமங்களோடு கலந்து கிடந்த சப்ரகமுவவில் தொழிலாளர் குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. 1977 ஓகஸ்டிலும், இரத்தினபுரி மாவட்டத்தைக் குறிப்பாகத் தாக்கிய 1981 ஓகஸ்டிலும் கும்பல்கள் லயங்களுக்குள் புகுந்து அடித்தன, கொள்ளையிட்டன, தீ வைத்தன. தண்டனைச் சட்டக் கோவை மிகக் கடுமையாகப் பேசும் வீடு புகுதல் அதுதான். நூறு ரூபாய்த் தண்டத்துக்குத் தொழிலாளியை நீதவான் முன் நிறுத்திய வேகத்தில் பாதிகூட அந்தப் பிரிவுகளுக்கு அப்போது வரவில்லை. தப்பியோடியவர்களில் பலர் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். அது அரச காணி. உறுதிப் பத்திரம் இல்லாமல் அங்கே இருந்தவர்களுக்கு அத்துமீறிய குடியேற்றக்காரர் என்ற பெயர் அங்கும் காத்திருந்தது.

இன்றைய சட்டத்தில் 427ஆம் பிரிவு தோட்டங்களில் பழையபடி முன்வரிசையில் இல்லை. 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதன் கூர்மையை மழுக்கிவிட்டது. காணித் தகராறில் அமைதி குலையும் என்று பொலிஸ் கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே நோக்கம் பற்றிய கேள்வியே இல்லை, முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக எழுப்பப்பட்டவர் யார், இப்போது இருப்பவர் யார் என்பதே கேள்வி. தோட்டக்காரருக்கு இதைவிட அச்சந்தருவது, அதே ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீளப்பெறல் சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் வெளியேறல் அறிவித்தல் கொடுத்தால், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவது தவிர, எழுப்பப்படுபவர் நீதவான் முன் சொல்லக்கூடியது அனேகமாக ஒன்றுமில்லை. அரசுப் பெருந்தோட்ட நிறுவனங்களின் காணிகளும் இந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும். 1950இல் ஒரு சொல்லின் பொருளை நுணுகி ஆராய்ந்து கிடைத்த பாதுகாப்பை, அந்தச் சொல்லையே பயன்படுத்தாத சட்டம் ஒன்று சுற்றிக்கொண்டு போய்விட்டது.

தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளுக்குப் போனது. 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, லயத்துக் காம்பரா வேலைக்கு என்ற அடுக்கில், ஓய்வுபெற்றவரும் கொழும்பில் கடையில் வேலைசெய்யும் அவர் பிள்ளைகளும் எந்த உரிமையில் அங்கே இருக்கிறார்கள் என்பது எழுத்தில் தெளிவில்லாமலே ஓடுகிறது. தோட்டத்தில் யாரும் வேலைசெய்யாத குடும்பம் லயத்தில் இருப்பது இப்போது சாதாரணம். நிர்வாகம் கண்டும் காணாததுபோல் இருக்கும்வரை ஒன்றுமில்லை. சமையலறையை ஒரு முழம் நீட்டினாலோ, காய்கறித் தோட்டத்துக்கு வேலி போட்டாலோ அத்துமீறல் என்ற சொல் திரும்ப வரும். 2023 ஓகஸ்டில் மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பம் ஒன்று போட்ட தற்காலிகக் குடிசையை நிர்வாகத்தவர் உடைத்தபோது, நிர்வாகம் அந்தக் குடிசையை அத்துமீறல் என்றது, நாடு முழுவதும் பார்த்த காணொளியோ உள்ளே புகுந்து உடைத்ததைக் காட்டியது.

2015க்குப் பின் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற அளவு நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 177 சதுர மீற்றர். லயங்களில் இருப்போரின் தொகையோடு பார்த்தால் இதுவரை கட்டப்பட்ட வீடுகள் சிறு பங்குதான், வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதவர்களும் உண்டு. உறுதி கைக்கு வந்த குடும்பத்தைப் பொறுத்தவரை 427ஆம் பிரிவின் முதல் சொற்கள் இடம் மாறுகின்றன. 'இன்னொருவரின் இருப்பாட்சியில் உள்ள ஆதனம்' என்பது அந்த 7 பேர்ச்சஸைக் குறிக்கிறது, அனுமதி கேட்டு வரவேண்டியவர் பட்டியலில் தோட்டத்துரையும் சேர்கிறார்.